316எல் லேசர் கோட்டிங் போட்ட சிடிசி ஷாஃப்ட்: ஒரு பக்கம் மட்டும் துரு, அதுவும் கோடு கோடா. ஏன்?

#1 கட்டபெட்டு ஃபிட்டர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் பாக்குறேன். 26 வருஷ சர்வீஸ். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்க மூணாவது கட் சிடிசி ரோலரோட (கொழுந்தை நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற மெஷின்ல மூணாவது ஜோடி) ஷாஃப்ட்ல பேரிங் உட்கார்ற இடமும், அதை ஒட்டி உள்பக்கம் சீல் ஓடுற இடமும் தேஞ்சு போச்சு. ஷாஃப்ட் இஎன்8, அதாவது சாதா கார்பன் எஃகு. அந்த இடத்துல 90 மிமீ. முன்னெல்லாம் ஆர்க் வெல்டிங் வெச்சு கடைசல் புடிப்போம், ஷாஃப்ட் வளைஞ்சுரும். ஒரு தடவை ஹார்ட் குரோம் போட்டுப் பாத்தோம். பேரிங்கைக் கழட்டுறப்போ செதில் செதிலா உரிஞ்சு வந்துச்சு. டீத்தூள் ஓடுற எடத்துக்குப் பக்கத்துல அது ஆகாதுன்னு விட்டுட்டோம்.

போன வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில லேசர் கோட்டிங் பண்ணுறாங்கன்னு கேள்விப்பட்டு கீழ அனுப்பினோம். 316எல்ங்கிற ஸ்டெயின்லெஸ் பவுடர்னு பில்லுல எழுதியிருக்கு. வந்தப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரோலர் ஓடுனதுல ஒரு குறையும் இல்ல, ஆட்டம் இல்ல, சூடு இல்ல.

அஞ்சு மாசம் கழிச்சு சீல் மாத்தக் கழட்டினா துரு. மரையாணியில புரி ஓடுற மாதிரி ஷாஃப்ட்டைச் சுத்திக் கோடு கோடா. வெர்னியர் வெச்சுப் பாத்தேன், கோட்டுக்குக் கோடு 2 மிமீ. ஆனா சுத்தளவுல பாதிக்குத்தான் இருக்கு. கீவே (சாவிக்கட்டை உட்கார்ற வெட்டு) இருக்குற பக்கம் பளபளன்னு அப்படியே இருக்கு, எதிர்ப்பக்கம் மட்டும் துரு.

கோட்டிங் போட்டவங்க "உங்க தண்ணியும் பிளீச்சிங் பவுடரும்தான் காரணம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. நாங்க ராத்திரி பிளீச்சிங் தண்ணியில கழுவுறது வாஸ்தவந்தான். ஆனா சுத்துற ஷாஃப்ட்டுக்கு மேல் பக்கம் ஏது, கீழ் பக்கம் ஏது? தண்ணி காரணம்னா சுத்தியும்ல பிடிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 எடப்பள்ளி

அண்ணே, பவுடர்லதான் ஏமாத்தியிருப்பாங்க. நம்ம பக்கம் 304னு சொல்லி 202 கம்பியைத் தலையில கட்டுறது தெரிஞ்ச கதைதானே. நானும் இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரிதான் நடத்துறேன். எங்க ஷாஃப்ட்டையும் லேசருக்கு அனுப்பலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். உங்க விஷயம் முடியட்டும், அப்புறம் முடிவு பண்றேன்.

#3 சிங்காநல்லூர் லேசர்

வணக்கம்ண்ணா. நான் லேசர் கிளாடிங் (நீங்க சொல்ற கோட்டிங்தான்) மெஷின்ல ஆறு வருஷமா ஆபரேட்டர். உங்க வேலை எங்க பட்டறையில பண்ணினது இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எடப்பள்ளி அண்ணன் சொல்ற மாதிரி பவுடர் மட்டமா இருந்தா சுத்தியும் ஒரே மாதிரி துருப்பிடிக்கும். பாதியில நிக்காது.

அந்த 2 மிமீ என்னன்னு சொல்றேன். ஷாஃப்ட்டை லேத் மாதிரி சுத்த விட்டு, லேசர் தலையை மெதுவா நீளவாக்குல நகர்த்துவோம். ஆர்கான் வாயு பவுடரை ஊதிக் கொண்டுவரும். லேசர் பட்ட இடத்துல இரும்பும் பவுடரும் சேர்ந்து உருகி ஒரு சின்னக் குட்டை மாதிரி நிக்கும், தலை நகர்ந்ததும் உறைஞ்சு ஒரு தடமா படியும். ஒரு தடம் சுமாரா 4 மிமீ அகலம்னா, அடுத்த சுத்து 2 மிமீ தள்ளி விழும். பாதி மேல பாதி ஏறும். உங்க துருக்கோடு அந்த நகர்வு அளவோட அப்படியே ஒத்துப் போகுது. தடத்துக்கும் தடத்துக்கும் நடுவுலதான் பிரச்சினை.

மூணு கேள்வி. ஒரு லேயரா, ரெண்டு லேயரா? கோட்டிங்குக்கு முன்னாடி எவ்வளவு சீவி எடுத்தாங்க? கடைசியில கிரைண்டிங் எங்க பண்ணினாங்க?

#4 நுண்ணோக்கி

நான் உலோகவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். மேலே சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன்.

கோட்டிங் என்று பில்லில் எழுதப்படுவது பவுடரின் பெயர். ஷாஃப்ட்டின் மேல் உறைந்து நிற்பதோ பவுடரும் அடி இரும்பும் கலந்த வேறொரு உலோகம். அடி இரும்பு எவ்வளவு கலந்தது என்பதுதான் முதல் கேள்வி. நல்ல வேலையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள்.

இஎன்8-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம், குரோமியம் ஏறக்குறைய இல்லை. 316எல் பவுடரில் குரோமியம் 17, நிக்கல் 12, மாலிப்டினம் 2.5, கார்பன் 0.02 என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் அடி இரும்பு கலந்தால் குரோமியம் 11.9 ஆக இறங்கும், கார்பன் 0.13 ஆக ஏறும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்கவே குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஆக 11.9 என்பது விளிம்பு. கலவையை வைத்துப் படிக அமைப்பைச் சொல்லும் ஷாஃப்ளர் வரைபடத்தில் வைத்துப் பார்த்தாலும் அந்தக் கலவை, காந்தம் ஏறாத ஆஸ்டெனைட்டும் கடினமான மார்ட்டென்சைட்டும் சந்திக்கும் எல்லைக்கு வந்துவிடுகிறது. குழித்துருவை எதிர்க்கும் திறனைக் குரோமியத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கைக் கூட்டிப் பார்ப்பார்கள். 25 இருக்க வேண்டிய இடத்தில் 18-க்குக் கீழே போகிறது. அதன் மேல் பிளீச்சிங் பவுடரின் குளோரைடு பட்டால் தாங்காது.

இதே ஷாஃப்ட்டில் இன்னொரு லேயர் போட்டிருந்தால், அதிலும் 30 சதவீதம் கீழ் லேயர் கலந்தால்கூடக் குரோமியம் 15.5-க்கு ஏறிவிடும். ஒரே லேயரோடு நிறுத்தியிருந்தால் என் சந்தேகம் இந்தக் கலப்பின் மேல்தான்.

#5 கட்டபெட்டு ஃபிட்டர்

மேடம், கணக்கு நல்லாப் புரிஞ்சுது, நன்றிங்க. ஒரே லேயர்தான். கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு இடிக்குது. கலப்பு ஜாஸ்தின்னாலும் சுத்தியும்தானே ஜாஸ்தியா இருக்கணும்? எனக்குப் பாதிதானே துரு?

தம்பி கேட்டதுக்கு: தேய்மானம் ஒரு பக்கத்துக்கு 0.15 மிமீதான். கோட்டிங் நிக்க இடம் வேணும்னு சுத்தி 0.4, 0.45 சீவி எடுத்ததா சொல்றாங்க. கோட்டிங் 1 மிமீக்கு மேல ஏத்தி, அப்புறம் 90க்கு கிரைண்டிங். கிரைண்டிங் வேற பட்டறை, ரெண்டு முனையிலும் சென்டர் வெச்சுத்தான் பண்ணினாங்களாம்.

#6 குந்தா பழசு

நான் குந்தா பவர் ஹவுஸ்ல டர்பைன் மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். லேசர் எனக்குத் தெரியாது. கடைசல் தெரியும்.

தம்பி, கிரைண்டிங் சென்டர்ல பண்ணினாங்க, சரி. சீவி எடுத்தப்போ எதுல பிடிச்சாங்க? சென்டர்லயா, மூணு தாடை சக்குலயா? தேஞ்ச ஷாஃப்ட்டை சக்குல பிடிச்சா அது நடு அச்சுல நிக்காது. டயல் கேஜ் வெச்சு ஆட்டம் பாக்காம டூலை உள்ள விட்டா ஒரு பக்கம் ஆழமா வெட்டும், மறுபக்கம் தடவிட்டுப் போகும். அது மேல கோட்டிங் ஏத்தி, பின்னால சரியான சென்டர்ல கிரைண்டிங் பண்ணினா ஷாஃப்ட் வெளிய பாக்க அச்சா வட்டமா இருக்கும், ஆடாது, சூடாகாது. உள்ள இருக்குற கோட்டிங் மட்டும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் காகிதம். டர்பைன் ஷாஃப்ட் ஸ்லீவுல வெல்டிங் பண்ணி நாங்க இதே தப்பைப் பாத்திருக்கோம். தண்ணி ஓடுற எடம், ஆறு மாசத்துல காட்டிக் குடுத்துரும்.

#7 சிங்காநல்லூர் லேசர்

ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சதும் எனக்குப் பொறி தட்டிருச்சு. கண்டிப்பா இதுவாத்தான் இருக்கணும்.

ஃபிட்டர் அண்ணா, இதை வெட்டாமலே பாக்கலாம். கார் பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் இருக்குல்ல, பழைய வண்டி வாங்குறவங்க வெச்சிருப்பாங்களே, அது காந்தத்துல வேலை செய்யுது. இரும்புக்கு மேல காந்தம் ஏறாத படலம் எவ்வளவு கனம்னு சொல்லும். 316எல் கிளாடிங்ல காந்தம் ஏறாது, அடியில இஎன்8 ஏறும். மீட்டருக்கு உங்க கோட்டிங்கும் ஒரு பெயிண்ட்தான். துல்லியமா மைக்ரான் கணக்கு வராது, ஆனா எந்தப் பக்கம் தடிப்பு, எந்தப் பக்கம் மெலிசுன்னு பளிச்சுன்னு தெரியும். 2 மிமீ வரைக்கும் காட்டுற மீட்டரா பாத்து வாங்குங்க. சும்மா காந்தத்தை வெச்சுப் பாக்காதீங்க, அது அடி இரும்பை இழுத்துக்கிட்டு எல்லா இடத்துலயும் ஒட்டும்.

#8 கட்டபெட்டு ஃபிட்டர்

குன்னூர்ல பழைய கார் யாவாரம் பண்ற ஒருத்தர்கிட்ட மீட்டர் இரவல் வாங்கியாந்தேன். ஷாஃப்ட்டைச் சுத்தி சாக்பீஸ்ல எட்டு பாகமா கோடு போட்டு அளந்தேன். கீவே பக்கம் 0.7, 0.75 மிமீ காட்டுது. அப்படியே சுத்திட்டு வந்தா 0.6, 0.45, 0.3ன்னு இறங்கி, துரு பிடிச்ச பக்கம் நட்டநடுவுல 0.15. ஒரு எடத்துல 0.1.

ஐயா, அங்க உக்காந்தபடியே சொல்லிட்டீங்க. கும்பிடுறேன்.

கோட்டிங் போட்டவங்களுக்கு இந்த அளவெல்லாம் அனுப்பினேன். சீவுனது அவங்க பக்கத்து லேத் பட்டறையாம், "அது எங்க வேலை இல்ல"ங்குறாங்க. மூணு பட்டறை கை மாறியிருக்கு, மூணு பேரும் அவங்கவங்க வேலை சரிங்குறாங்க. எனக்கு ஷாஃப்ட் போச்சு.

#9 நுண்ணோக்கி

என் முதல் ஊகம் உங்கள் அரைச்சுற்றுத் துருவுக்குப் பதில் சொல்லவில்லை. ஐயா சொன்னது சொல்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 0.15 மிமீ மெல்லிசாக இருந்தாலும் அது 316எல்தானே? சீராக உருகி ஒட்டியிருந்தால் அந்த 0.15-உம் துருவைத் தடுத்திருக்க வேண்டும். கோடுகள் ஏன் வந்தன?

ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) உங்கள் பக்கம் கிடைக்காமல் இருக்காது. 250 மில்லி தண்ணீரில் 4 கிராம் கரைத்து, 1 மில்லி கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துருவைத் துடைத்துச் சுத்தம் செய்த இடத்தில் இதைத் தடவி ஆறு நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். வெற்று இரும்பு எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே செம்பு படியும். உணவுப் பொருள் படும் பரப்பில் இந்தச் சோதனை கூடாது. ஷாஃப்ட்டைக் கழற்றி, தனியாக வைத்துச் செய்யுங்கள்.

அந்த ஷாஃப்ட்டை இனி ஓட்டப்போவதில்லை என்றால், கோட்டிங் உள்ள இடத்தில் ஒரு வளையம் வெட்டி அனுப்ப முடியுமா?

#10 கட்டபெட்டு ஃபிட்டர்

நேத்து சாயந்திரம் பண்ணினேன் மேடம். வெளிய ஒரே பனிமூட்டம், பட்டறைக்குள்ள லைட்டைப் போட்டுக்கிட்டுப் பாத்தோம். நீலத்தண்ணியை பிரஷ்ல தடவினோம். ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியல. அப்புறம் மெலிசான பக்கத்துல மட்டும் முடி கனத்துக்கு செம்புக்கோடு ஒண்ணொண்ணா எழும்பி வந்துச்சு. புதுச் செப்புக் குடத்துல இருக்குற நிறம். கோட்டுக்குக் கோடு அதே 2 மிமீ. கோட்டுக்கு நடுவுல இருக்குற எடம் வெள்ளையாவே இருந்துச்சு. கீவே பக்கம் ஒரு புள்ளி கூட ஏறல. கூட இருந்த பையனுங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்துட்டுப் பாத்தாங்க.

முதலாளிகிட்ட பேசி ஷாஃப்ட்டைக் கழிச்சாச்சு. வளையம் வெட்டி மேட்டுப்பாளையம் பஸ்ஸுல ஏத்திவிட்டிருக்கேன். கூலண்ட் ஊத்தி மெதுவாத்தான் அறுத்தேன், சூடு ஏத்தல.

#11 நுண்ணோக்கி

வளையம் கிடைத்தது. சூடேறாமல் அறுத்ததற்குத் தனியாக நன்றி. பலர் கிரைண்டரில் வெட்டி நீலம் பாரித்து அனுப்புவார்கள், அதில் பாதிக் கதை அழிந்திருக்கும்.

தடித்த பக்கத்திலும் மெல்லிய பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, பாலிஷ் செய்து, கோட்டிங்கை ஆக்சாலிக் அமிலத்தில் மின்சாரம் கொடுத்தும், அடி இரும்பை நைட்டாலிலும் (ஆல்கஹால் கலந்த நைட்ரிக் அமிலம்) அரித்துப் பார்த்தேன். கண்டதைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

அடியில் இஎன்8, வழக்கமான ஃபெரைட்டும் பெர்லைட்டும். அதற்கு மேலே சுமார் அரை மிமீ அகலத்துக்கு நிறம் மாறிய ஒரு பட்டை. லேசர் சூட்டில் சிவந்து, அடியிலிருந்த குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சியதால் சட்டென்று ஆறி மார்ட்டென்சைட்டாக இறுகிய பகுதி. விக்கர்ஸ் கடினம் 550-க்கு மேல். கோட்டிங்கே 210-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஷாஃப்ட்டில் ஆகக் கடினமான இடம் கோட்டிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விரிசல் தொடங்க விரும்பும் இடமும் அதுதான். ஆகவே ஷாஃப்ட் அளவு மாறும் மூலையின் வளைவுக்குள் கோட்டிங்கைக் கொண்டுபோய் முடிக்காதீர்கள், சில மிமீ முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனிக் கோட்டிங். தடித்த பக்கம் பார்க்கவே அழகாக இருந்தது. உருகல் எல்லையை ஒட்டிச் சில மைக்ரானுக்கு ஒரு வெள்ளைக் கோடு, அங்கே படிகம் கிளைவிடாமல் தட்டையாக முன்னேறியிருக்கிறது. எல்லையில் வெப்பச் சரிவு மிகச் செங்குத்து, உறையும் வேகமோ ஏறக்குறைய சுழியிலிருந்து தொடங்குகிறது, அதனால்தான் இந்தத் தட்டை. மேலே போகப் போக வேகம் கூடுகிறது, சரிவு தணிகிறது. தட்டை உடைந்து தூண் தூணாக, எல்லைக்குச் செங்குத்தாக, சூடு வெளியேறும் திசைக்கு எதிராக வளர்ந்த படிகங்கள். நம் மலைச் சரிவில் முளைக்கும் பெரணியின் இலைகளை நெருக்கமாக அடுக்கியது போல இருக்கும். தடத்தின் உச்சியில் அவை திசை மறந்து, சின்னச் சின்னச் சமபடிகங்களாக முடிகின்றன. கிளை இடைவெளி நான்கைந்து மைக்ரான். வார்ப்பில் இதைப் போலப் பத்து மடங்கு பார்க்கலாம். கிளைகளின் இடுக்கில் குரோமியமும் மாலிப்டினமும் ஒதுங்கி, மெல்லிய இழைகளாகக் கொஞ்சம் டெல்டா ஃபெரைட் என்ற இன்னொரு படிக வகை. அது இருப்பது நல்லது, உறையும்போது சூட்டு விரிசல் விழாமல் காக்கிறது. இந்த நுண்ணிய கட்டமைப்பால்தான் லேசரில் படிந்த 316எல், பதப்படுத்திய தகட்டை விட வலுவாக இருக்கிறது. தகட்டுக்குக் குறைந்தபட்ச இளகு வலிமை (நிலையாக வளையத் தொடங்கும் அழுத்தம்) 170 மெகாபாஸ்கல். லேசர் படிவுகளில் அதைப் போல இரு மடங்குக்கு மேல் கிடைப்பது வழக்கம்.

அடி இரும்பு அதிகம் கலந்திருக்கும் என்று நான் நினைத்தது தவறு. குரோமியம் 16-ஐ ஒட்டி அளந்தேன், கலப்பு குறைவுதான். குறை அதற்கு நேர் எதிரில் இருந்தது.

தடத்தின் வெட்டுமுகம் தட்டையான மேடாக இல்லை, கொழுக்கட்டை போல உயரமாக, பக்கங்கள் செங்குத்தாக இருக்கிறது. நடுவில் நன்றாக உருகி ஒட்டியிருக்கிறது, ஓரங்களில் அடி இரும்பை உருக்கவில்லை, அதன் மேல் சும்மா படுத்திருக்கிறது. அடுத்த தடம் வந்து விழும்போது அந்த இடுக்குக்குள் லேசர் இறங்கவில்லை. ஆகவே இரண்டு தடங்களின் காலடியிலும், ஒவ்வொரு 2 மிமீக்கும், உருகாத ஒரு முக்கோண இடைவெளி. அதற்குள் பாதி உருகிய பவுடர் உருண்டைகள்கூடத் தெரிகின்றன. இந்த இடைவெளிகள் அடி இரும்பிலிருந்து 0.1, சில இடங்களில் 0.2 மிமீ உயரம் வரை எழும்பி நிற்கின்றன.

தடித்த பக்கத்திலும் இதே இடைவெளிகள் இருக்கின்றன. அங்கே அவற்றின் மேல் அரை மிமீக்கு மேல் நல்ல உலோகம் மூடியிருக்கிறது, தண்ணீர் போக வழியில்லை. மெல்லிய பக்கத்தில் கிரைண்டிங் கல் அந்த இடைவெளிகளின் கூரையைச் சீவிவிட்டது. கொழுந்துச் சாறும் கழுவும் தண்ணீரும் நேராக இஎன்8-க்குள் இறங்கிவிட்டன. துருப்பிடித்தது 316எல் அல்ல.

#12 சிங்காநல்லூர் லேசர்

மேடம் சொன்ன அந்தக் கொழுக்கட்டை எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிக்கணும்னு பவுடரை ஏத்தி விடுறது. லேசர் பவர் அதே, வேகம் அதே, பவுடர் மட்டும் ஜாஸ்தி. பவுடரே வெளிச்சத்தை முழுங்கிரும், அடியில போய்ச் சேர்ற சூடு குறையும். ஒரே சுத்துல 1 மிமீ ஏத்தலாம், பாக்கத் தடியா நல்லாவும் இருக்கும். நல்ல தடம்னா அகலம் உயரத்தைப் போல அஞ்சு மடங்காவது இருக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஓரம் தொட்டுப் பாத்தா சரிவா இறங்கணும், சுவர் மாதிரி நிக்கக் கூடாது.

இன்னொண்ணு, பவுடர் ஈரம். மழைக்காலத்துல டப்பாவைத் திறந்தே வெச்சிருந்தா கோட்டிங்ல ஊசிமுனை ஓட்டை வரும். ஓவன்ல உலர்த்திட்டுத்தான் ஹாப்பர்ல கொட்டணும். அண்ணன் வளையத்துல அது இருந்துச்சா மேடம்?

#13 நுண்ணோக்கி

உருண்டையான வாயுத் துளைகள் சில உண்டு, தனித்தனியாக, சிறியவை. அவற்றால் துரு வரவில்லை.

#14 எடப்பள்ளி

படிச்சுட்டே வந்தேன், நிறையக் கத்துக்கிட்டேன். இப்ப என் கேள்வி. 316எல் கடினம் 210தான்னா சீல் ஓடுற எடத்துல தேஞ்சுராதா? 420, 431 பவுடர் போட்டா 500க்கு மேல வரும்னு சொல்றாங்களே, அதையே போட்டா என்ன? அதுவும் ஸ்டெயின்லெஸ்தானே?

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கு. டீத்தூள்ல இரும்புத்தூள் இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வெச்சிருக்கு. நாங்க காந்தம் வெச்சுத்தான் பிடிக்கிறோம். எந்தக் கோட்டிங் தேஞ்சு உள்ள விழுந்தா காந்தத்துல மாட்டும்?

#15 சிங்காநல்லூர் லேசர்

420, 431 ரெண்டும் ஆறும்போதே மார்ட்டென்சைட் ஆகிரும். 431ல குரோமியம் 15லருந்து 17, கூடக் கொஞ்சம் நிக்கல், அதனால துருவுக்கு 420ஐ விட நல்லாத் தாங்கும். 420ல குரோமியம் 12லருந்து 14தான், ஆனா கடினம் ஜாஸ்தி. ரெண்டுமே 316எல் அளவுக்கு பிளீச்சிங்கைத் தாங்காது.

ரெண்டுலயும் நான் பாத்த தொல்லை, வரிவரியா கடினம் மாறுறது. ஒரு தடம் போட்டு அது இறுகிடும். அடுத்த தடம் பக்கத்துல விழுறப்போ அந்தச் சூடு முதல் தடத்தோட ஓரத்தை டெம்பர் பண்ணி இளக்கிரும். ஒரு வரி கடினம், ஒரு வரி இளக்கம். கடைசித் தடம் மட்டும் முழுக் கடினமா நிக்கும்.

இஎன்8, இஎன்19 மேல 420 போடணும்னா 200, 250 டிகிரிக்கு முன்சூடு வெச்சுட்டுப் போடுங்க, போட்ட பிறகு மெதுவா ஆற விடுங்க. மார்கழியில ஒரு தடவை அவசரத்துக்குச் சில்லுனு இருந்த ஷாஃப்ட்டுல நேரா போட்டோம். ராத்திரி பட்டறையில டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. காலையில பாத்தா குறுக்குவாட்டுல மூணு விரிசல்.

#16 நுண்ணோக்கி

காந்தம் பற்றி எடப்பள்ளி கேட்டது மிக நல்ல கேள்வி. தேயிலைக்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டியதும்கூட.

ஆஸ்டெனைட் எஃகில் காந்தம் ஏறாது. 316எல் கோட்டிங்கிலிருந்து துகள் விழுந்தால் உங்கள் காந்தத்தைத் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம். சிடிசி ரோலரின் 304 பற்கள் தேயும்போது விழும் துகள்கள் ஓரளவு மாட்டுவதற்குக் காரணம், தேய்மானத்தில் நசுங்கும்போது 304-இன் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறிவிடுகிறது. 316எல்-இல் அந்த மாற்றம் குறைவு, நிக்கல் அதைத் தடுத்து நிறுத்துகிறது. 420-உம் 431-உம் முழுக்கக் காந்தம் ஏறும், துகள் விழுந்தால் பிடிபடும்.

ஆகவே என் கருத்து இது. தூளோடு நேரடியாக உரசும் இடமென்றால் 431 போடுங்கள், முன்சூட்டோடு, இரண்டு லேயர். பேரிங், சீல் போன்ற இடத்தில், தூள் பாதைக்கு வெளியே, ஈரமும் குளோரைடும்தான் எதிரி என்றால் 316எல் போதும். சீலின் ரப்பர் உதடு 210 கடினத்தைச் சட்டென்று தின்றுவிடாது, பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சீலுக்கு அடியில் தேயிலைத் துகள் புகுந்து அரைக்கும் மெஷினாக இருந்தால் அங்கும் 431 பக்கமே போவேன்.

#17 குந்தா பழசு

ஒரு சந்தேகம் அம்மா. எங்க டர்பைன்ல தண்ணி அடிச்சுச் சுத்துற சக்கரம், பெல்டன் ரன்னர், 13 குரோமியம் 4 நிக்கல் எஃகு. கரண்டியில குழி விழுந்தா அதே வகை ராடு வெச்சு வெல்டிங் பண்ணி, வடிவத்தகடு வெச்சுப் பாத்துப் பாத்துத் தேய்ப்போம். 1932ல ஓட ஆரம்பிச்ச சிங்காரா பவர் ஹவுஸ் காலத்துலருந்து இந்த மலையில ரன்னருக்கு வைத்தியம் பாத்துட்டுத்தான் இருக்காங்க. லேசர் வந்தா அந்த வெல்டருங்க கைவேலை தேவைப்படாதா?

#18 நுண்ணோக்கி

தேவைப்படும் ஐயா. லேசரில் சூடு குறைவு, ரன்னர் கோணாது, அது பெரிய லாபம். ஆனால் 13-4 எஃகு லேசரில் படிந்ததும் இறுகிய மார்ட்டென்சைட்டாகத்தான் நிற்கும். அதை 600 டிகிரியை ஒட்டி டெம்பர் செய்தால்தான் கரண்டியின் வேருக்கு வேண்டிய உறுதி திரும்பும். கரண்டியின் உட்புற வளைவுக்குள் லேசர் தலையை ஓட்டுவதற்கு ரோபோ கையும் பாதை வரைபடமும் வேண்டும். எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்லும் கை அங்கும் வேண்டும். இந்த ஷாஃப்ட்டையே பாருங்கள், ஆய்வகத்தில் இருந்த நான் கலப்பு என்றேன். சக்கில் பிடித்ததைக் கண்டுபிடித்தது நீங்கள்.

#19 கட்டபெட்டு ஃபிட்டர்

எல்லாரும் மன்னிக்கணும், சீசன் முடிஞ்சுதான் எழுத முடியுது.

புது இஎன்8 ஷாஃப்ட் செஞ்சு, பல் செக்மென்ட்டை அதுக்கு மாத்திட்டு, சீல் எடத்துக்கும் பேரிங் எடத்துக்கும் இந்தத் தடவை வேற பட்டறையில கோட்டிங் போட்டோம். நானே கூடப் போனேன். சென்டர்ல பிடிச்சு, டயல் வெச்சு, 0.02க்குள்ள நின்னதுக்கப்புறம்தான் சீவ விட்டேன். ஒரு பக்கத்துக்கு முழுசா 0.6. பவுடரைக் குறைச்சு ரெண்டு லேயர். முதல் லேயர் போட்டதும் ஓரத்தைத் தடவிப் பாத்தேன், சரிவா இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே இரும்புத்துண்டு ஒண்ணுல அதே செட்டிங்ல ஒரு கை போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கிட்டேன். அதை மேடம் அறுத்துப் பாத்தாங்க, காலடியில இடைவெளி இல்லன்னு சொன்னதுக்கப்புறம்தான் ஷாஃப்ட்டுல கை வெக்க விட்டேன். பட்டறைக்காரங்களுக்கு அன்னிக்கு ஒரு நாள் வீண்தான், ஆனா முகம் சுளிக்கல.

கிரைண்டிங் முடிஞ்சு மீட்டர் வெச்சா சுத்தி எட்டு எடத்துலயும் 0.55லருந்து 0.62க்குள்ள.

ஏப்ரல் மே கொழுந்து, அப்புறம் ஐப்பசி மழைக் கொழுந்து, ரெண்டும் ஓடியாச்சு. பிளீச்சிங் அளவையும் பாதியாக் குறைச்சு, கழுவினதும் நல்ல தண்ணி விட்டுத் தொடைக்கச் சொல்லிட்டேன். போன வாரம் சீலைக் கழட்டினேன். சீல் உதடு ஓடுன தடம் ஒரு மெல்லிசு மினுமினுப்பா தெரியுது, நகத்தை ஓட்டினா தட்டல. துரு இல்ல. மயில்துத்தம் தடவினேன், ஆறு நிமிஷம் போயும் ஒரு கோடு கூட எழும்பல.

நாலாவது கட் ஷாஃப்ட் வியாழக்கிழமை கீழ இறங்குது. எடப்பள்ளி அண்ணே, உங்களுதும் அனுப்புறதா இருந்தா புதன் ராத்திரிக்குள்ள கட்டபெட்டு ஜங்ஷனுக்குக் கொண்டாந்துருங்க, ஒரே வண்டியில ஏத்திக்கலாம். மீட்டர் என்கிட்டயே இருக்கு.